கில்லி மீன்களை வீட்டில் குஞ்சு பொரிக்க வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பி, மோலி வளர்ப்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். கில்லி வளர்ப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் புதிதாக ஒரு ஜோடி வாங்கியவர், சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார். என்னிடம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் "முட்டை போட வைப்பது எப்படி?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அது சுலபம். வயிறு நிறையச் சாப்பிட்ட கில்லி நாள் தவறாமல் முட்டை போடும். அந்த முட்டை குஞ்சாகி, குஞ்சு இரண்டு வாரத்தைத் தாண்டும் வரைதான் நமக்கு வேலை. பதில்களும் அந்த இடங்களில்தான் நீளமாக இருக்கும்.

கில்லி என்றால் மற்ற மீன்களைக் கொல்லும் மீனா?

இல்லை. டச்சு மொழியில் 'கில்' என்றால் ஓடை, வாய்க்கால். வாய்க்காலில் கிடக்கிற மீன் என்பதால் வந்த பெயர். பெரிய கில்லி தன் வாய்க்குள் அடங்குகிற குஞ்சு மீனை விழுங்கும் என்பது உண்மைதான். ஆனால் அதை எல்லா மீனும் செய்யும்.

முதல் முறை வளர்க்கிறேன். எந்த இனம் வாங்கலாம்?

மூன்று இனங்களைச் சொல்வேன்.

முதலாவது கார்ட்னெரி. முழுப்பெயர் ஃபுண்டுலோபங்சாக்ஸ் கார்ட்னெரி. நைஜீரியாவிலும் கேமரூனிலும் ஓடைகளில் வாழ்வது. ஆறு சென்டிமீட்டர் வரை வளரும். நீலப் பச்சை உடம்பில் குங்குமச் சிவப்பில் புள்ளிகள். முட்டையும் பெரிது, குஞ்சும் பெரிது. சின்னச் சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். இந்தப் பக்கத்தில் பொதுவாகச் சொல்வதெல்லாம் கார்ட்னெரியை மனதில் வைத்துச் சொல்வதுதான்.

இரண்டாவது, கடைகளில் 'கோல்டன் வொண்டர்' என்று விற்கிற மீன். இதைப் பலர் வெளிநாட்டு மீன் என்று நினைக்கிறார்கள். தென்னிந்திய ஓடைகளில் வாழும் அப்லோகைலஸ் லீனியாட்டஸ் என்கிற நம் ஊர் மீனிலிருந்து, தங்க நிறத்துக்காகப் பொறுக்கி வளர்த்த வகை அது. இதே குடும்பத்து மீன்களைக் கேரளத்தில் 'மானத்துக்கண்ணி' என்பார்கள். வானத்தைப் பார்க்கிற கண் என்று பொருள். குளத்தின் மேல்மட்டத்திலேயே நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்கும் மீனுக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது. பத்து சென்டிமீட்டர் வரை வளரும். நம் வெயிலுக்குப் பிறந்த மீன் என்பதால் கோடையில் கவலை குறைவு.

மூன்றாவது நோத்தோபிராங்கியஸ் குந்தெரி, சுருக்கமாக நோத்தோ. சான்சிபார் தீவின் மழைக்குட்டைகளில் வாழ்வது. குட்டை வற்றினால் மீன் செத்துவிடும். முட்டை மட்டும் சேற்றுக்குள் அடுத்த மழைக்காகக் காத்திருக்கும். இதை இரண்டாவது வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எப்படிச் செய்வது என்று கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆண் எது, பெண் எது?

கார்ட்னெரி, குந்தெரி இரண்டிலும் நிறமெல்லாம் ஆணுக்குத்தான். பெண் பழுப்பு நிறத்தில் எளிமையாக, வயிறு உருண்டு இருக்கும். கோல்டன் வொண்டரில் கொஞ்சம் குழப்பம் வரும். பெண்ணின் முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்தில் கறுப்பாக ஒரு பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு ஜோடி போதுமா?

ஒரு ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் நல்லது. ஆண் ஓய்வே இல்லாமல் துரத்தும். ஒரே ஒரு பெண் இருந்தால் அது துடுப்பு கிழிந்து மூலையில் ஒதுங்கிவிடும்.

தொட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

மூன்று நான்கு மீன்களுக்கு இருபது லிட்டர் போதும். அடியில் கூழாங்கல் வேண்டாம், முட்டை அதற்குள் விழுந்தால் தேட முடியாது. காற்று மெதுவாக வருகிற ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒன்று, ஒரு கைப்பிடி ஜாவா பாசி, இரண்டு வாதாமரச் சருகு. தெருவோரம் உதிர்ந்து கிடக்கிற பெரிய சிவப்பு இலைதான். மருந்து அடிக்காத மரமாகப் பார்த்து எடுத்துக் கழுவிப் போடுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறினால் பயப்பட வேண்டாம், கில்லிக்கு அது பிடிக்கும்.

மூடி கட்டாயம். ஏர் ட்யூப் நுழைகிற ஓட்டை வழியாகக்கூட எகிறி வெளியே விழும். அந்த ஓட்டையையும் பஞ்சு வைத்து அடையுங்கள். காலையில் தரையில் காய்ந்து கிடந்த ஒரு நல்ல ஆணை நான் பொறுக்கி எடுத்திருக்கிறேன். அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம்.

எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர், உப்பு அதிகம். சரிவருமா?

மீன் உயிரோடு இருக்கும். ஆனால் கார்ட்னெரி முட்டைக்கு மென்மையான தண்ணீர் நல்லது. பாதி போர்வெல், பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலந்து பாருங்கள். மழைத்தண்ணீர் பிடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. முதல் அரைமணி நேர மழை மொட்டை மாடி அழுக்கைக் கழுவிக்கொண்டு போகட்டும், அப்புறம் பிடியுங்கள். எந்தத் தண்ணீராக இருந்தாலும் ஒரேயடியாக மாற்றாமல் நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

நோத்தோவுக்கு இந்தக் கவலை இல்லை. கொஞ்சம் கடினமான தண்ணீரையே அது விரும்பும். லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு சேர்த்தால் வெல்வெட் நோய் எட்டிப் பார்க்காது. உடம்பில் தங்கத்தூள் தூவியது போலப் படர்ந்து மீனைக் கொல்கிற நோய் அது.

கோடையில் என்ன செய்வது?

கார்ட்னெரிக்கு 22 முதல் 26 டிகிரி வரை இதமான சூடு. மே மாதத்தில் தொட்டியைத் தரையில் இறக்கி வைத்து, மூடிக்குப் பதிலாக வலை கட்டி, தண்ணீரின் மேல் படுகிற மாதிரி சின்ன ஃபேன் ஒன்றை ஓட விடுங்கள். ஆவியாகிற தண்ணீர் இரண்டு மூன்று டிகிரியைக் குறைத்துவிடும். அந்த இரண்டு மாதம் முட்டை எடுக்கும் ஆசையை விட்டுவிட்டு மீனைக் காப்பாற்றுவது மட்டும் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்ததும் தானாக ஆரம்பிக்கும்.

வாங்கி ஒரு மாதம் ஆகிறது, ஒரு முட்டைகூட இல்லையே?

என்ன போடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். டப்பாவில் வருகிற குருணைத் தீவனம் மட்டும் என்றால் அதுதான் காரணம். ஆணையும் பெண்ணையும் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை தனித்தனியாகப் பிரித்து வைத்து, இரண்டு பக்கமும் உயிருள்ள தீனி கொடுங்கள். கொசுப்புழு, டாஃப்னியா என்கிற நீர்த்தெள்ளு, ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர்க் குட்டி இறால் எல்லாம் ஆகும். ஃப்ரீஸ் செய்த சிவப்புப் புழுவும் ஆகும். சாக்கடையில் அள்ளிய ட்யூபிஃபெக்ஸ் புழு மட்டும் வேண்டாம், நோயைக் கூட்டிக்கொண்டு வரும்.

எல்லாவற்றிலும் சிறந்தது கொசுப்புழுதான். வாளியில் தண்ணீர் பிடித்து ஒரு பிடி காய்ந்த இலை போட்டு வைத்தால் சில நாளில் புழு நெளியும். ஆனால் ஏழெட்டு நாளில் புழு கொசுவாகிப் பறந்துவிடும் என்பதை மறக்கவே கூடாது. தினமும் வலை போட்டு முழுவதையும் எடுத்துவிடுங்கள், வாரம் ஒருமுறை வாளியைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் வாளி காலியாக இருக்க வேண்டும். நம் மீனுக்காகப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டெங்கு வரக் கூடாது.

பத்தாம் நாள் பெண்ணின் வயிறு பக்கவாட்டில் பிதுங்கித் தெரியும். அன்று சாயங்காலம் சேர்த்து விட்டால் மறுநாளே முட்டை பார்க்கலாம்.

மாப் என்கிறார்களே, அது என்ன? எப்படிச் செய்வது?

செடிக்குப் பதிலாக முட்டை போடுவதற்கு நாம் கட்டித் தொங்கவிடுகிற நூல்கொத்து. அக்ரிலிக் உல்லன் நூல் வாங்குங்கள். பருத்தி நூலும் அசல் கம்பளியும் தண்ணீரில் அழுகிவிடும். கரும்பச்சை அல்லது பழுப்பு நிறம் நல்லது, முட்டை பளிச்சென்று தெரியும். ஒரு நோட்டுப் புத்தகத்தை நீளவாக்கில் வைத்து ஐம்பது சுற்று சுற்றுங்கள். ஒரு முனையில் அதே நூலால் இறுக்கிக் கட்டி, மறுமுனையைக் கத்தரியுங்கள். கட்டிய முனையில் ஒரு கார்க் அல்லது தெர்மோகோல் துண்டைச் சேர்த்தால் மேலே மிதந்து நூல் கீழே தொங்கும். சில மீன்கள் அடியில் போடவே விரும்பும். அதற்கு மிதவை இல்லாமல் இன்னொரு மாப்பை அடியில் கிடத்துங்கள்.

தொட்டியில் போடும் முன் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். தண்ணீரில் சாயம் இறங்குவது நிற்கும் வரை தண்ணீரை மாற்றி மாற்றிக் கொதிக்க வைக்க வேண்டும். நான் முதலில் கட்டிய மாப்பை ஒரே ஒரு தடவை வெந்நீரில் முக்கி எடுத்துப் போட்டேன். அந்தத் தொகுதி முட்டையில் ஒன்றுகூடத் தேறவில்லை. இரண்டாவது மாப்பை நாலு தடவை கொதிக்க வைத்தேன், முட்டை தேறியது.

முட்டை போடுவதைப் பார்க்க முடியுமா?

காலை வெளிச்சம் வந்த முதல் ஒரு மணி நேரம் தொட்டி முன்னால் அசையாமல் உட்காருங்கள். ஆண் எல்லாத் துடுப்பையும் விரித்துக்கொண்டு பெண்ணின் முன்னால் குறுக்கே நிற்கும். பெண் மாப்புக்குள் தலையை நுழைக்கும். ஆண் பக்கத்தில் வந்து ஒட்டி, தன் முதுகுத் துடுப்பை அதன் மேல் போர்த்தியது போல் சாய்க்கும். இரண்டும் 'எஸ்' வடிவில் வளைந்து ஒரு நொடி நடுங்கும். சட்டென்று உதறிப் பிரியும். அந்த உதறலில் ஒரு முட்டை, ஒன்றே ஒன்று, நூலில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த நிமிடம் மறுபடியும். நிறைய முட்டையை ஒரே நாளில் கொட்டும் கெண்டை மாதிரி இல்லாமல் தினமும் சில முட்டை என்று வாரக்கணக்கில் போடுவதுதான் கில்லியின் வழக்கம்.

முட்டையை எப்படி எடுப்பது? கையால் தொடலாமா?

தாராளமாகத் தொடலாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாப்பை எடுத்து மெல்லப் பிழிந்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நூலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஜவ்வரிசியில் மிகச் சின்னதாக ஒரு மணி, தேன் நிறத்தில், கண்ணாடி போல் தெரியும். ஒன்றரை மில்லிமீட்டர்தான். விரல் நுனியால் உருட்டி எடுத்தால் உடையாது, ஓடு அவ்வளவு உறுதி. அழுத்தினால் நசுங்குகிற முட்டை கருத்தரிக்காதது, அது போகட்டும்.

எடுத்த முட்டையை ஒரு தட்டையான டப்பாவில், இரண்டு விரற்கடை தொட்டித் தண்ணீரில் போட்டு, பூஞ்சையைத் தடுக்கிற நீல மருந்தான மெத்திலீன் புளூவைத் தண்ணீர் வெளிர்நீலமாகத் தெரியும் அளவுக்கு ஒரு சொட்டு விடுங்கள். வெயில் படாத இடத்தில் வையுங்கள். டப்பா மேல் இனத்தின் பெயர், தேதி இரண்டையும் எழுதிவிடுங்கள். நினைவில் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

சில முட்டைகள் வெள்ளையாகிவிடுகின்றன. ஏன்?

கருத்தரிக்காதவை, அல்லது உள்ளே கரு செத்தவை. தினமும் பார்த்து சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். விட்டால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் பரவும். இளம் ஜோடியின் முதல் வாரத்து முட்டைகளில் பாதி வெள்ளையாகும். போகப் போகச் சரியாகும். மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் ஆணை மாற்றிப் பாருங்கள்.

எத்தனை நாளில் பொரியும்?

கார்ட்னெரி இரண்டு முதல் மூன்று வாரம். கோல்டன் வொண்டர் இரண்டு வாரம்.

ஒரு பூதக்கண்ணாடி வாங்கிவிடுங்கள். பத்து நாள் வாக்கில் முட்டைக்குள் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரியும், அவைதான் கண்கள். இன்னும் சில நாளில் கண்ணைச் சுற்றித் தங்க வளையம் விழும். குஞ்சு முட்டைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வால் தலையைத் தொடுகிற மாதிரி சுருண்டிருக்கும். டப்பாவை அசைத்தால் கண் திரும்பும். இத்தனை வருடம் ஆகியும் அந்த ஒரு அசைவுக்காக நான் காலையில் காபிக்கு முன்னால் டப்பாவைத்தான் எடுக்கிறேன்.

கண் நன்றாகத் தெரிகிறது, நாள் கடந்தும் பொரியவில்லை. என்ன செய்வது?

தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால்தான் குஞ்சுக்கு முட்டை ஓட்டை உடைக்கத் தூண்டுதல் வரும். முட்டையை ஒரு சின்னக் குப்பியில் பழைய தொட்டித் தண்ணீர் விட்டுப் போட்டு, தூளாக்கிய தீவனம் ஒரு துளி தூவி மூடுங்கள். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உங்கள் வேலையைப் பாருங்கள். உடம்புச் சூடும் குலுங்கலும் சேர்ந்து பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேலை முடியும். பொரிந்ததும் உடனே நல்ல தண்ணீருக்கு மாற்றுங்கள்.

குஞ்சுக்கு என்ன கொடுப்பது? எனக்கு எல்லாம் மூன்றாம் நாளே செத்துவிடுகிறது.

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. பதில் ஒரே சொல்: பசி. முட்டை மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றினால் தண்ணீர் கெடும், குஞ்சு தின்னாது. கில்லிக் குஞ்சு அசைகிற தீனியைத்தான் கொத்தும். முட்டை பொரிவதற்கு முதல் நாளே ஆர்ட்டீமியா பொரிக்கப் போட்டுவிட வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் கல்லுப்பு. ஒரு பாட்டிலை அடி வெட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, ஏர் ட்யூபை அடிவரை விட்டுக் காற்றை வேகமாக வையுங்கள். கால் டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை, மேலே ஒரு பல்பு. நம் ஊர்ச் சூட்டில் 24 மணி நேரத்தில் ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாக நீந்தும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சு வெளிச்சத்தின் பக்கம் கூடும். அங்கே உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் கொடுங்கள். ஓட்டையும் சேர்த்துக் கொடுத்தால் மீன்குஞ்சின் குடலில் அடைத்துக்கொள்ளும்.

காலை, மாலை இரண்டு வேளை, கொஞ்சமாக. நன்னீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரம்தான் உயிரோடிருக்கும், மிச்சம் அழுகும். தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சாக உருண்டு தெரியும். தெரியாத குஞ்சு இருந்தால் அதை மட்டும் தனியே எடுத்துக் கொடுங்கள். தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு வாரம் இதை ஒரு வேளைகூடத் தவறாமல் செய்தால் அதற்குப் பிறகு சாவு அரிது. பெரிதாக வளர்ந்தவற்றை அவ்வப்போது பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தம்பியைத் தின்றுவிடும்.

இவ்வளவு வேலை வேண்டாம். தொட்டியிலேயே தானாகக் குஞ்சு வளராதா?

வளரும், ஆனால் ஒன்றிரண்டுதான். தொட்டி முழுக்க ஜாவா பாசி அடைத்து, பெரிய மீன்களுக்கு வயிறு நிறையக் கொடுத்துவந்தால் என்றாவது ஒருநாள் பாசிக்கு நடுவில் ஒரு குட்டிக் கண் தெரியும். அந்த மகிழ்ச்சி போதும் என்றால் அதுவும் நல்ல வழிதான்.

நோத்தோ முட்டையைக் காய வைக்க வேண்டும் என்கிறார்களே?

ஆமாம். நோத்தோ சேற்றில் முட்டை போடும் மீன். வெளிநாட்டில் இதற்குப் பீட் மண் வைப்பார்கள். நமக்குத் தேங்காய் நார்த்தூள் இருக்கிறது. செடிக்கு விற்கிற கட்டியை வாங்கி ஊறவைத்து, உப்பும் கறையும் போகும் வரை நாலைந்து தண்ணீரில் கொதிக்க வைத்துப் பிழியுங்கள். வாய் குறுகின ஒரு டப்பாவில் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குப் போட்டுத் தொட்டிக்குள் வையுங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து தூளுக்குள் முங்கி முட்டை போட்டுவிட்டு வரும்.

இரண்டு வாரம் கழித்து நார்த்தூளை வலையில் கொட்டி, மெல்லப் பிழிந்து, செய்தித்தாள் மேல் பரப்பி வையுங்கள். எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும்? புட்டுக்கு விரவின மாவுதான் கணக்கு. கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் சொட்டினால் அழுகும், தூசியாகப் பறந்தால் முட்டை வற்றிவிடும். பதம் வந்ததும் ஜிப் கவரில் போட்டுத் தேதி எழுதி, 24, 25 டிகிரி இருக்கிற அலமாரியில் வைத்துவிடுங்கள். குந்தெரிக்கு ஏறக்குறைய மூன்று மாதம்.

முட்டைக்குள் கரு நடுவிலேயே வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். மூன்று கட்டங்களில் அப்படி நிற்க முடியும் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் எழுந்திருக்காது. பொய் மழையில் ஒன்று ஏமாந்தாலும் இன்னொன்று மிஞ்ச வேண்டுமே. அதனால் நாள் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். பத்து முட்டையை எடுத்துப் பாருங்கள். தங்க வளையக் கண் தெரிந்தால் தயார். நான் ஒருமுறை பொறுமையில்லாமல் எட்டாவது வாரத்திலேயே நனைத்துவிட்டேன். வந்த சிலவும் நீந்த முடியாமல் வயிற்றால் தரையில் இழுத்துக்கொண்டு திரிந்தன. காற்றுப்பை நிரம்பாத குஞ்சுகள், தேறாது.

நனைக்கும் நாளில் நார்த்தூளைத் தட்டையான டப்பாவில் கொட்டி, 18 டிகிரி வாக்கில் குளிர்ந்த தண்ணீரை ஐந்து சென்டிமீட்டருக்கு ஊற்றுங்கள். மழை வந்துவிட்டது என்று முட்டை நம்பிவிடும். சில மணி நேரத்தில் குஞ்சு நீந்தும். இரண்டு நாள் கழித்து குஞ்சை எடுத்துவிட்டு நார்த்தூளைத் திரும்பக் காய வைத்துக் கவரில் போடுங்கள், தூக்கி எறிய வேண்டாம். ஒரு மாதம் கழித்து நனைத்தால் இன்னொரு கூட்டம் வரும்.

இரண்டு ஊர்க் கார்ட்னெரியை ஒன்றாக விடலாமா?

கூடாது. மீன் பெயருக்குப் பின்னால் ஓர் ஊர்ப் பெயர் வரும்: மக்குர்டி, அக்குரே, மிசாஜே என்று. பிடித்த இடத்தின் பெயர் அது. கலந்துவிட்டால் பிரிக்க வழியே இல்லை. விற்றாலும் கொடுத்தாலும் அந்தப் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.

குஞ்சு அதிகமாகிவிட்டது. ஏரியில் விடலாமா?

எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். ஆப்பிரிக்க மீனுக்கு நம் ஏரியில் இடமில்லை. கோல்டன் வொண்டரைக்கூட விடக் கூடாது. காட்டு மீனோடு கலந்து அதன் குணத்தைக் கெடுக்கும், தொட்டி நோயையும் கொண்டுபோகும். வளர்க்கிறவர்களுக்குக் கொடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் கொளத்தூர் மீன் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். கொடுக்க ஆளில்லை என்றால் முட்டை எடுப்பதை நிறுத்துங்கள்.

ஒரு வருடம்கூட வாழாத நோத்தோவை ஏன் வளர்க்க வேண்டும்?

குந்தெரி தொட்டியில் ஏறக்குறைய ஒரு வருடம் வாழும். நோத்தோவிலேயே இன்னொரு இனமான ஃபுர்செரி இன்னும் குறைவு, சில மாதம்தான். மொசாம்பிக் குட்டைகளில் அது பொரிந்த பதினான்கே நாளில் முட்டை போடத் தயாராவதை 2018இல் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு சீக்கிரம் கிழடாவதால்தான் முதுமை எப்படி வருகிறது என்று படிக்க ஜெர்மனியில் யெனாவிலும் கொலோனிலும் ஆய்வுக்கூடங்களில் அதை வளர்க்கிறார்கள்.

எனக்குக் காரணம் வேறு. என் குந்தெரி ஆண் போன மாதம் நிறம் மங்கி, முதுகு வளைந்து, ஒரு காலை அசையாமல் கிடந்தது. அதன் முட்டைகள் இருக்கிற கவர் அலமாரியில் இருக்கிறது. மேலே ஆடி 12 என்று எழுதியிருக்கிறது. நேற்று பிரித்து ஒரு சிட்டிகை நார்த்தூளை வெளிச்சத்தில் உதறிப் பார்த்தேன். ஏழு முட்டை கிடைத்தது. ஐந்தில் தங்கக் கண். ஞாயிற்றுக்கிழமை நனைக்கப் போகிறேன், சனிக்கிழமை காலையில் ஆர்ட்டீமியா போட வேண்டும்.